பதினோரு சாண்

கூடத்து ஆட்கள் என் பட்டறைக்குள் வந்தபோது நான் எழுந்திருக்கக்கூட இல்லை.

எதிர்ப்பக்கத்துப் பிரார்த்தனைக் கூடம். ஞாயிறு காலையில் அவர்கள் பாடும் பாட்டுக்கும் எனக்கும் ஆறு வருஷமாக ஆகாது. எனக்கு எழுத வராது என்பதால் ஆள் வைத்து எழுதி, மூன்று முறை புகார் போட்டிருக்கிறேன்.

"அண்ணே, ஒரு தச்சு வேலை இருக்கு" என்றார் நர்ஸம்மா. கூடத்துக் காரியத்தையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறவர் அவர்தான்.

"பாட்டை நிறுத்தற வேலைன்னா சொல்லுங்க. இப்பவே வர்றேன்."

"நிறுத்தலண்ணே. வெளி முற்றத்துக்கு மாத்தறோம். உங்களுக்கு இன்னும் நல்லா கேக்கும்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தைப் புதிதாக வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார். மாதக் கடைசிக்குள் ஒன்பது குடும்பமும் காலி செய்தாக வேண்டும். நாங்கள் கொடுத்த வாடகைக்கு இப்போது ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. வேறு வீடு அமையும்வரை குடியிருப்பவர்கள் தங்க, கூடத்தையே அறை அறையாகத் தடுக்கப் போகிறார்களாம். உட்காருகிற பெஞ்சுகளை எல்லாம் பிரித்து அந்தப் பலகையில் தடுப்பு.

"அப்ப எங்க உக்காந்து கும்பிடுவீங்க?"

"நின்னுக்கறோம்."

"மழை வந்தா?"

"குடை இருக்குல்ல."

நர்ஸம்மா, அறைத் தடுப்புகளை வரைந்திருந்த ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். மூச்சு முட்டுகிற அக்காவுக்கு ஜன்னல் ஓரம். இஸ்திரிக்காரரின் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி அகலக் கதவு. கைக்குழந்தைக்காரிக்குத் தண்ணீர்க் குழாய் பக்கம். இப்படி எட்டுக் குடும்பம். அதோடு நிறுத்திவிட்டார்.

விட்டுப்போன ஒன்பதாவது யார் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

"கடைசியில இன்னொரு தடுப்பு போட்டிருக்கே, அது யாருக்கு?" என்றேன்.

"அதுல ஒரு பக்கச் சுவர் மட்டும் பதினோரு சாண் குறையாம வரணும்ணே."

"சாணா? எந்தக் காலத்துல இருக்கீங்க? யார் கை சாண்?"

நர்ஸம்மா பலகைமேல் கையை விரித்து வைத்தார். சின்னக் கை. ஒரு குச்சியில் குறித்துக்கொண்டேன்.

"சரி, யாருக்குன்னு சொல்லலையே?"

"சொன்னா நீங்க செய்ய மாட்டீங்க."

புரிந்துவிட்டது. பாட்டுப்பெட்டி! விரலால் தட்டி வாசிக்க நீளமாக, கறுப்பாக ஒன்று வைத்திருக்கிறார்களே, அதற்கு இடம்.

வேலையை ஒத்துக்கொண்டேன். இஸ்திரிக்காரரின் அம்மா நல்ல மனுஷி, அவருக்காக.

என் வீட்டுக்காரி கேட்டாள், "நம்மளுக்கு இடம் உண்டா?"

"இல்ல."

"வாயத் திறந்து கேட்டீங்களா?"

"அந்தப் பாட்டுக்காரங்ககிட்ட நான் எதுக்குக் கேக்கணும்? நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போ. நான் மரக்கடையில படுத்துக்கறேன்."

"உங்க வேலை மேசை?"

முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்ட மேசை. தங்கச்சி வீட்டுக்காரர் அதை வாசலில்கூட வைக்க விடமாட்டார். மேசை இல்லையென்றால் நான் வெறும் கிழவன்.

அந்த எரிச்சலோடுதான் வேலை செய்தேன். எட்டு அறையும் நூல் பிடித்த மாதிரி வந்தது. ஒன்பதாவதுக்கு வந்தபோது கை தானாக நின்றது. மனுஷனுக்கு இடமில்லை, பெட்டிக்கு இடம்! தடுப்பை ஒரு சாண் உள்ளே தள்ளி அடித்தேன். பத்து சாண். யார் பார்க்கப் போகிறார்கள்?

காலி செய்கிற நாள் வந்தது. கூடத்து ஆட்கள் கட்டில், பாத்திரம், சக்கர நாற்காலி என்று எல்லாவற்றையும் சுமந்து எட்டுக் குடும்பத்தையும் குடியேற்றினார்கள். நான் பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

திடீரென்று நாலு பேர் என்னைத் தாண்டி உள்ளே போய் வேலை மேசையைத் தூக்கினார்கள்.

"யோவ், எங்கய்யா தூக்கிட்டுப் போறீங்க?"

அவர்களுக்கு முன்னால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரி நடந்துகொண்டிருந்தாள்!

பின்னாலேயே ஓடினேன். மேசை நேராக ஒன்பதாவது அறைக்குப் போனது. ஜன்னலை ஒட்டிய சுவரில் வைக்கப் பார்த்தார்கள். உட்காரவில்லை. ஒரு முனை தடுப்பில் இடித்து நின்றது.

ஒரு சாண்.

"நீங்க மரக்கடைக்குப் போயிருந்தப்ப நர்ஸம்மா வந்து மேசைய அளந்தாங்க" என்றாள் வீட்டுக்காரி. "டேப்பு எப்பவும் உங்க பாக்கெட்டுலதானே? அதான் கையால அளந்தாங்க. முன்னாடியே சொன்னா வீம்புக்கு வர மாட்டீங்கன்னு நான்தான் சொல்ல வேண்டாம்னேன். இடம் உண்டான்னு உங்ககிட்ட கேட்டதும் தெரியாத மாதிரிதான்."

நாலு பேரும் மேசையைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்கள். நர்ஸம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"என் கைதான் தப்பா அளந்துடுச்சு. எல்லாரும் மன்னிச்சுக்கங்க."

மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"உங்க கை சரியாத்தாம்மா அளந்துச்சு..."

"தெரியும்ணே. நேத்தே இந்தச் சுவர அளந்து பாத்துட்டேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, சுத்தியலை என் பக்கம் நீட்டினார்.