தடுப்புக் கம்பி

திருக்கோகர்ணத்து டிராக்டர் கடையில் விற்பனையாளன் அஜித்துக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. மினி டிராக்டரின் முன்னால் மாட்டிப் பெட்டிகளைத் தூக்கும் ஃபோர்க் பார்க்க வந்த செல்வராணி, காட்டியதையெல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

“இதுல லாக் பின் இல்ல. ஃபோர்க்கு அங்கிட்டு இங்கிட்டு நகர்ந்தா பாரம் சரியாதா?”

“அப்ப இதப் பாருங்க.”

“இதுல பின்னாடி தடுப்புக் கம்பியே இல்ல. தூக்குறப்ப மீன் பெட்டி டிரைவர் மேல விழுகாதா?”

“அதெல்லாம் எக்ஸ்ட்ராக்கா. யாரும் கேக்க மாட்டாங்க.”

“நான் கேக்குறேன்ல!” மேசையில் ஓங்கி அறைந்தாள்.

அஜித் பொறுமையிழந்து, அவளருகே தலைகுனிந்து நின்றவரிடம் திரும்பினான். “சார், ஒங்க வீட்டம்மாகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க.”

“அவரு என் புருசன் இல்ல. கட்டுமாவடியில மீன் கம்பெனி ஓனரு.” செல்வராணி அவரைப் பார்க்காமலே சொன்னாள். “தடுப்பில்லாத ஃபோர்க்க வாங்கிப் போட்டது இவரு. சரிஞ்ச பெட்டியில நசுங்கிச் செத்தது என் புருசன். என்ன வேணும்னாலும் செய்றேன்னு வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. இதத்தான் கேட்டேன்.”

அஜித் கிடங்குப் பக்கம் திரும்பினான்.

“தடுப்போட இருக்குறத எடுத்துட்டு வாங்க. இப்ப அந்த சீட்டுல ஒக்காந்திருக்குறது இன்னொருத்தி புருசன்.”