தண்டவாளம் கிடந்த இடம்

கார்டு என்கிற ஸ்டேஷன் நாய்க்குத் தன் பிறப்பைப் பற்றி ரொம்பப் பெருமை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அங்கிருந்து எந்த நாய் தாண்டி வந்தாலும் காதைக் கடித்துத் துரத்துவதுதான் அதன் உத்தியோகம். சம்பளம் என்னவோ ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு எச்சில் சோறுதான்.

சுரங்கத்தை மூடினார்கள். ரயிலும் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாஸ்டரும் போனார்; கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் லைன் வீட்டு நாய் செவலை நாக்குத் தொங்க வந்து நின்றது.

"கார்டண்ணே, எங்க பக்கம் குழாயை அடைச்சுட்டாங்க. உங்க ஸ்டேஷன் தொட்டிதான் ஒழுகுதே, ரெண்டு வாய் குடிச்சுக்கிறேன். குட்டிகளுக்குப் பால் ஊறல."

"தண்டவாளத்தைத் தாண்டாதே!"

"அதுதான் இப்ப இல்லையே அண்ணே?"

"கிடந்த இடம் எனக்குத் தெரியும்" என்று கார்டு பல்லைக் காட்டியது.

செவலை திரும்பிப் போனது. குட்டிகள் பிழைக்கவில்லை.

அடுத்த கோடைக்குள் பழைய இரும்பு வியாபாரி அந்தத் தொட்டியையும் அறுத்து எடுத்துப் போய்விட்டான். லைன் வீடுகள் பக்கம், பம்பு ஓடாத சுரங்கக் குழியிலோ ஊற்றுத் தண்ணீர் ஏறி விளிம்புவரை வந்திருந்தது. அந்த ஈர வாசனையைப் பிடித்துக்கொண்டு கார்டு தள்ளாடித் தள்ளாடி வந்தது. எதிரே செவலை எழுந்து நின்றது.

"செவலை, ஒரே ஒரு வாய்..." என்று கார்டு தாண்டுவதற்கு முன்காலைத் தூக்கியது.

செவலை குரைக்கவில்லை. பல்லைக்கூடக் காட்டவில்லை.

"கிடந்த இடம் எனக்கும் தெரியும் அண்ணே" என்றது.

தூக்கிய காலைக் கார்டு பழைய இடத்திலேயே வைத்தது.