வாய் ஓயாத பையன்

"இன்னும் ஏதாவது சொல்லணுமாடே?" என்று மரியாதைக்காகக் கேட்டார் கிருஷ்ணகுமார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"உண்டு சாரே" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான் பிரஜின்.

கரமனையில் அந்த அறக்கட்டளை அலுவலகத்தில் நேர்காணல். சிக்கிள் செல் நோய் உள்ள பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை உதவித்தொகை. ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, நினைத்த நேரத்தில் எலும்பைப் பிடுங்கும் வலியைக் கொடுக்கிற பொல்லாத நோய் அது. இந்த ஆண்டு ஒரே ஓர் இடம். கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர்.

விழிஞ்ஞத்திலிருந்து பிரஜின் வந்துவிட்டான். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வரவேண்டிய இசக்கிசெல்வியைக் காணோம்.

வந்தவர்களைப் பார்த்து முடித்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும், பிறகு யார் வந்தாலும் கிடையாது என்பது ஆடிட்டர் கிருஷ்ணகுமார் போட்ட சட்டம். தன் அண்ணன் மகனுக்கே அதைத் தளர்த்தாத மனிதர்.

அதைப் பையனிடமும் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "பாத்துக்கோடே. அந்தப் பிள்ளைக்கு உன்னைவிட மார்க் கூடுதல். வந்திருந்தா இடம் அவளுக்குத்தான். நீ எழும்பிப் போனதும் கதவைச் சாத்திருவோம். அப்புறம் உனக்குத்தான்."

வேறு யாராவது என்றால் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டியிருப்பான். இவனுக்கு அந்தப் புத்தி இல்லையே!

அப்பாவின் படகைப் பற்றிப் பேசினான். புதுத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றிப் பேசினான். சாளை மீனுக்கும் அயிலை மீனுக்கும் குழம்பு வைப்பதில் என்ன வித்தியாசம் என்றுகூட விளக்கினான். பிறகு, "சார் எப்படி ஆடிட்டர் ஆனீங்க?" என்று ஒரு போடு போட்டான். கிருஷ்ணகுமாரும் உச்சி குளிர்ந்து, நாகர்கோவிலில் தான் படித்த கதையைக் கொஞ்ச நேரம் அளந்துவிட்டார். பிறகுதான் சுதாரித்தார்.

"சரிடே, நீ கிளம்பு."

"கொஞ்சம் வெள்ளம் கிட்டுமா சாரே?"

தண்ணீர் வந்தது. குடித்தான். இன்னொரு டம்ளர் கேட்டான். அதையும் குடித்துவிட்டு பாத்ரூம் போனான்.

"சவத்துப் பய! வாயா அது?" என்று பொரிந்தார் கிருஷ்ணகுமார்.

"தண்ணி நிறைய குடிக்கணும் சார் இவங்க. நோய் அப்படி" என்றார் பக்கத்தில் இருந்த டாக்டர் திவ்யலட்சுமி.

"தண்ணி குடிக்கட்டும். பேச்சுக்கு ஒரு அளவு வேண்டாமா? இவன் பேசுற பேச்சுக்கு இந்த வருஷம் யாருக்குமே வேண்டாம்னு எழுதிரலாம்னு வருது எனக்கு."

பிரஜின் திரும்பி வந்தான். நடை கொஞ்சம் இழுத்தது. முகமெல்லாம் வேர்வை.

"எங்க விட்டேன் சாரே? ஆங், அயிலை..."

பேசும்போதே மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். உதட்டைக் கடித்தான். ஆனாலும் சிரிப்பு மட்டும் போகவில்லை.

டாக்டர் எழுந்துவிட்டார். "வலி வந்துடுச்சு, இல்ல? போதும் தம்பி. வெளியில பெஞ்சுல படு."

"இல்ல மேடம். இன்னும் கொஞ்சம் கூடி சொல்ல உண்டு."

"இந்த வலியில பெரியவங்களே கத்துவாங்க சார்" என்று கிருஷ்ணகுமாரின் காதருகே சொன்னார் டாக்டர். "இவன் கதை சொல்றான். எனக்கு ஆச்சரியமா இருக்கு."

கிருஷ்ணகுமாருக்கும் உள்ளுக்குள் பிரமிப்புதான். ஆனால் சட்டம் சட்டமாயிற்றே. "போதும்டே. எழும்பு!" என்று குரலை உயர்த்தினார்.

அப்போது கதவு திறந்தது. சேறு படிந்த செருப்போடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"இசக்கிசெல்வி, சார். பொன்முடி."

பிரஜின் பாதி வாக்கியத்தில் நிறுத்தினான். "அவ்வளவுதான் சாரே" என்றான். நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

"உனக்கு நல்ல காலம் மக்ளே" என்றார் கிருஷ்ணகுமார். "அந்த வாயாடி மட்டும் சீக்கிரம் முடிச்சிருந்தா, எப்பவோ கதவைச் சாத்தியிருப்போம்."

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பஸ் மலை வளைவுல நின்னு போச்சு சார். என்னால வர முடியாது, நீயே வாங்கிக்கோன்னு பிரஜினுக்கு போன் பண்ணிட்டேன்."

"அவனைத் தெரியுமா உனக்கு?"

"ரத்தம் ஏத்த ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப பழக்கம் சார். நீங்க அவனை உள்ள கூப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பேசினேன்."

கிருஷ்ணகுமாரின் குரல் இறங்கிப்போயிற்று. "அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"'ஓடி வராதே, ஓடினா வலி பிடிச்சுக்கும். பையப் பைய வா. நீ வர்ற வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கேன்'னு சொன்னான் சார்."