வெள்ளிக்கிழமை வாசம்

"இதுவும் இல்ல தம்பி. எங்க வீட்டு சாம்பிராணி இப்படி மணக்காது."

கமலம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு தணல் சட்டியைத் தள்ளி வைத்தாள். பிலிமத்தலாவையில் பஸ் ஏறி, கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸாகியின் சாம்பிராணிக் கடைக்கு இதற்காகவே வந்திருந்தாள்.

நாளைக்கு அவள் கணவர் அழகமுத்துவின் முதலாம் ஆண்டுத் திவசம். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்தான் வீட்டுக்குச் சாம்பிராணி போடுவார். அவர் போனதோடு அந்த வாசமும் போய்விட்டது. நாளை ஒருநாளாவது அது வீட்டுக்குள் வரவேண்டும்.

"அண்ணன் என்னட்ட எடுத்தது இந்தச் சாதாரண சாம்பிராணிதான் அக்கா."

"அதப் போட்டுப் பாத்துட்டுத்தானே வந்திருக்கேன்! நல்ல சாமான ஒளிச்சு வச்சுக்கிட்டுக் கதை விடாதீங்க."

ஸாகி போத்தலிலிருந்து வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்தான். "இது ஓமான் சாமான். அரபில லுபான்னு சொல்லுவாங்க. மரத்தக் கீறினா பால் மாதிரி வடியுமாம். அதால பாலோட பேரையே வச்சாங்களாம்."

"பேரு நல்லாத்தான் இருக்கு. வாசம் அவரோடது இல்ல."

"அப்ப இது? ஜாவாப் பக்கத்துச் சாமான். அதால லுபான் ஜாவி."

"ஊரு ஊரா கூட்டிட்டுப் போறீங்க. எங்க வீட்டுல மட்டும் கொண்டுபோய் விடமாட்டேங்கிறீங்க!"

ஸாகி சிரித்துவிட்டான். "அண்ணன் எப்படிப் போடுவாரு?"

"பின்னறையில கதவச் சாத்திக்கிட்டுத்தான் பத்த வைப்பாரு. புகை எனக்கு ஆகாதுன்னு உள்ளயே விடமாட்டாரு, அவ்வளவு பாசம். அப்புறம் கராம்பு ஒண்ண மென்னுக்கிட்டே வீடு பூரா காட்டுவாரு. சாமிக்கு முன்னால வாய் மணக்கணுமாம்."

ஸாகிக்கு ஏதோ பிடிபட்டது. முதலில் காட்டிய சாதாரண சாம்பிராணியையே தணலில் தூவினான். பிறகு திரும்பி நின்று, மேசைக்கு அடியிலிருந்து வேறெதையோ எடுத்து அதில் வைத்தான்.

புகை எழுந்தது. கமலத்தின் கை சேலைத் தலைப்பைத் தேடியது. பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு அவரே சட்டியோடு வருவதுபோல் இருந்தது.

"இதேதான் தம்பி, இதேதான்! இதுக்கு என்ன பேரு?"

ஸாகி தலையைச் சொறிந்தான்.

"யாழ்ப்பாணச் சுருட்டு, அக்கா."