மஞ்சள் மழைக்கோட்டு

“மழைக்கோட்டு இருக்கா பாய்? மஞ்சள்ல வேணும். முழங்கால் வரைக்கும் வர்ற மாதிரி ரப்பர் பூட்ஸும் வேணும்.”

கலீலுர் ரஹ்மான் கல்லாவில் இருந்தபடியே சேதுபதியை மேலும் கீழும் பார்த்தார். துபாய் தேராவில் எத்தனையோ வருஷமாகக் கடை வைத்திருப்பவர். வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் கிடையாது.

“ஊருக்குப் போறியளா தம்பி? இது ஜனவரியாச்சே, அங்கயும் மழை முடிஞ்சிருக்குமே.”

“ஊருக்கு இல்ல பாய். இங்கதான். புதன்கிழமை காலையில போடணும்.”

வேலை மிஞ்சினால் மனுஷனுக்கு இப்படியெல்லாம் ஆகும் என்பது பாய்க்குத் தெரியும். பையனைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

சேதுபதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் அவன் மகள் அகிலா படிக்கிற ஒன்றாம் வகுப்புக்குத்தான். இந்த வாரம் அங்கே பாடம் மழைக்காலம். துபாயில் வருஷத்துக்கு ரெண்டு நாள் தூறினால் அதிசயம். அந்த ரெண்டு நாளும் இந்தப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். பிறகு மழையை எப்படித்தான் காட்டுவது? அதனால் புதன்கிழமை மழை விழா. பள்ளித் தோட்டக்காரர் மாடியில் நின்று ஹோஸ் பைப்பால் தண்ணீர் தூவுவார், கீழே பிள்ளைகள் குடையோடு ஆடுவார்கள்.

போன வருஷம் பள்ளி விழாவில் அகிலா மரமாக நின்றாள். அதுவும் கடைசி வரிசை மரம். டூட்டியில் மாட்டிக்கொண்ட சேதுபதி அந்த மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் பேசாமல் படுத்துக்கொண்டது இன்னமும் அவனுக்கு உறுத்தல்.

இந்த முறை அகிலாதான் மழை ராணி. மேடைக்கு நடுவில் நின்று, ‘நான்தான் மழை, யாரும் பயப்படாதீர்கள்’ என்று இங்கிலீஷில் ஒரு வரி சொல்ல வேண்டும். கோட்டு, பூட்ஸ், குடை மூன்றும் இல்லாவிட்டால் வேஷம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று ஜெயபாரதி மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் பாய்க்கு உயிர் வந்தது. கிடங்கில் தேடி, ஏதோ சைட்டுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் கோட்டு ஒன்றை உதறிக் கொடுத்தார். அதற்குள் அகிலாவைப்போல் நாலு பேர் குடியிருக்கலாம். மனைவி ராதிகா அதை வெட்டி, மடித்து, தைத்து மகளின் அளவுக்குக் கொண்டுவருவதற்குள் மெஷின் ஊசி ரெண்டு தடவை ஒடிந்தது. பூட்ஸும் குடையும் வேறு கடைகளில் கிடைத்தன.

“டாடி, ரியல் ரெயின் எப்படி இருக்கும்? ஷவர் மாதிரியா?”

“ஆமாடா. கொஞ்சம் பெரிய ஷவர்.”

“அப்போ அதை ஆஃப் பண்றது யாரு?”

சேதுபதி ராதிகாவைப் பார்த்தான். “உங்க மகதானே, நீங்களே சொல்லுங்க,” என்று அவள் நூலைக் கடித்தாள்.

பாக்கி இருந்தது லீவு. மேனேஜர் ஜெயமணியிடம் போய்த் தலையைச் சொறிந்தான்.

“எதுக்குய்யா லீவு?”

“மழை பாக்கணும் சார்.”

விவரம் கேட்ட ஜெயமணி விழுந்து விழுந்து சிரித்தார். “நம்ம ஊர்ல மழை பேஞ்சா ஸ்கூலுக்கு லீவு விடுவான். நீ என்னடான்னா ஸ்கூல்ல மழை பாக்க ஆபீஸுக்கு லீவு கேக்குற. சரி, போய்த் தொலை. மத்தியானம் வந்துரணும்.”

புதன்கிழமை காலை வீடு கல்யாண வீடாக இருந்தது. வெயிலுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டிய ஃப்ளாட் அது; பகலிலும் லைட் போட்டால்தான் முகம் தெரியும். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் கோட்டும் பூட்ஸுமாக அகிலா தகதகவென்று நின்றாள். ராதிகா கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

“பல்லு தேய்க்கிற தண்ணிகூட மேல படக்கூடாது, தெரியுதா? மிஸ் சொல்லியிருக்காங்க, டிரெஸ் நனையாம வரணும்னு.”

கீழே எங்கேயோ தண்ணீர் சளசளவென்று கொட்டிக்கொண்டே இருந்தது.

“இந்த வாட்ச்மேனுக்கு அறிவே கிடையாது,” என்றான் சேதுபதி. “விடியக்காலத்துல பைப்பைத் திறந்துவிட்டுக் கார் கழுவுறான். பில்டிங்குத் தண்ணிதானே, அவனுக்கென்ன.”

“பஸ்ஸை இன்னும் காணோமே,” என்றாள் ராதிகா.

“வராட்டி டாக்ஸியில கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு முதல் வரிசையில உக்காராம விடமாட்டேன்.”

செருப்பை மாட்டும்போது மொபைல் அடித்தது. ஜெயபாரதி மிஸ்.

“சார், அகிலாவை அனுப்பாதீங்க. ஃபங்ஷன் கேன்சல். ஸ்கூலே இன்னைக்கு லீவு.”

சேதுபதி மகளைத் திரும்பிப் பார்த்தான். அகிலா கண்ணாடி முன்னால் குடையை விரித்துப் பிடித்து, “ஐ ஆம் தி ரெயின், டோன்ட் பி அஃப்ரெய்ட்,” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், இதுக்காகப் புள்ள ஒரு வாரமா சரியாத் தூங்கல மிஸ். கோட்டு, பூட்ஸ், குடை எல்லாம் ரெடி. இன்னும் என்ன குறைன்னு சொல்லுங்க, இப்பவே ஓடிப்போய் வாங்கிட்டு வந்துர்றேன்.”

“குறை ஒண்ணும் இல்ல சார். நீங்க ஜன்னலைத் திறந்தே பாக்கலையா? வெளியே மழை கொட்டுது. மழையில எப்படி சார் மழை விழா நடத்துறது?”