மதிலோரத் தண்ணீர்விட்டான்

ஒரு ஊர்ல ஒரு மதிலாம். மதிலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு குடும்பமாம். ஊர் எங்கேயோ இல்லை, நம்ம ஆரணிதான்.

இந்தப் பக்கம் ரிட்டயர்டு வாத்தியார் பவுல்துரை. அந்தப் பக்கம் பட்டுநூலுக்குச் சாயம் போடும் மணவாளன்.

வாத்தியார் மகள் ஹெப்சிபாவுக்கு முதல் பிரசவத்தில் தாய்ப்பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை அழுத அழுகை இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை. பால் ஊறத் தண்ணீர்விட்டான் கிழங்கு நல்லது என்று யாரோ சொல்ல, அடுத்த பிரசவத்துக்கு வீட்டிலேயே இருக்கட்டும் என்று விதையை ஊறவைத்து மதிலோரம் போட்டார். ரொம்ப நாள் போக்குக் காட்டிவிட்டுத்தான் முளைத்தது. ரெண்டு வருஷத்தில் மதில் உயரத்துக்குப் படர்ந்தது.

இப்போது ஹெப்சிபாவுக்கு ஒன்பதாம் மாசம். இந்த நேரம் பார்த்து, கொடி முழுக்க மஞ்சளாகப் பழுத்துப் போச்சு.

ஆரணியில் செடி வாடினால் யாரும் பூச்சியைத் தேட மாட்டார்கள். சாயத்தண்ணி எங்கிருந்து வருகிறது என்றுதான் தேடுவார்கள். மதிலுக்கு மேலே மூங்கிலில் தினமும் ஈர நூல் தொங்குவதை வாத்தியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் போங்க என்று மனைவி ஜெபராணி எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. நேரே நகராட்சிக்குப் போய் ஓர் ஆளையே கூட்டிவந்துவிட்டார்.

வந்தவர் ஒரு செடியைத் தோண்டினார். மண்ணில் சாயம் இல்லை. விரல் தடிமனில் வெள்ளைக் கிழங்கு கொத்தாக வந்தது.

"பனிக்காலத்துல தழை இப்படித்தான் சார் பழுக்கும். எங்க ஊட்லயும் இருக்குது. கிழங்கு நல்லா முத்திகீது, எடுத்துக்குங்க."

வாத்தியாருக்கு மனசு ஆறவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நூல் விரித்துக்கொண்டிருந்த மணவாளனைக் காட்டினார். "அவன் கையைப் பாருங்க, முழங்கை வரைக்கும் சாயம். தண்ணியை எங்க ஊத்தறான்னு பார்த்துட்டுப் போங்க."

ரெண்டு பேரும் மணவாளன் வீட்டுப் பின்பக்கம் போனார்கள். சாய அடுப்பு சில்லென்று கிடந்தது. தொட்டிக்குள் ஒட்டடை.

"பார்த்தீங்களா? திருட்டுத்தனமா வேற எங்கியோ காய்ச்சிகினு இருக்கான்."

மணவாளன் குனிந்து, சாயம் போட வேண்டிய வெள்ளை நூலை மூட்டை கட்டினார். அவர் மனைவி தமிழ்ச்செல்விக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஆமா சார், கொசப்பாளையத்துல, எங்க அண்ணன் பட்டறையில. உங்க விதை முளைச்சுதே, அன்னிலேர்ந்து இவரு இங்க அடுப்பே மூட்டல. புள்ள பெத்தவ சாப்பிடற மருந்து, வேர்ல சாயம் எறங்கிடப் போவுதுன்னு தெனம் நூலை அங்க தூக்கிகினு போயி, சாயம் போட்டு அலசி, காயப்போட மட்டும் இங்க..."

"விடு" என்றார் மணவாளன்.

நூல் மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார்.

"கொஞ்சம் வழி விடுங்க சார்."

வாத்தியார் ஒதுங்கி நின்றார். மணவாளன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொசப்பாளையம் பக்கம் நடந்தார்.