நம் வீட்டுப் பெண்

மனைவி செண்பகம் மஞ்சள் காமாலையில் இறந்தபோது அறவாழி ஊரெங்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினான். அழுகைதான் வரவில்லை. போர் தொடங்கியதும் அதே படத்தைப் பிரச்சாரத் துறை எடுத்துக்கொண்டது. கீழே இருந்த அவன் பெயர் போய், ‘எதிரியின் குண்டுக்குப் பலியான நம் வீட்டுப் பெண்’ என்ற வரி வந்தது. பேருந்து நிலையத்தில், போர்முனைக்குப் புறப்பட்ட ஒருவன் அவள் படத்தில் நெற்றியை முட்டித் தேம்பிக்கொண்டிருந்தான். அறவாழிக்கு வயிறு எரிந்தது.

“அவ உனக்கு என்ன வேணும் தம்பி?”

“இவளுக்காகத்தாண்ணே பட்டாளத்துல சேந்தேன். பாருங்க, சட்டைப் பையிலயும் வச்சிருக்கேன்.”

“அவ குண்டுல சாகல. காமாலையில செத்தா. நான் அவ புருஷன்.”

பட்டாளத்துக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். “பொண்டாட்டி செத்த மூஞ்சியாய்யா இது?”

“விடுப்பா, இந்த வாரத்துல இவர் நாலாவது புருஷன்” என்றான் பின்னால் நின்றவன். கூட்டம் சிரித்தது. சுவரில் செண்பகமும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“குண்டு விழுந்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்றான் அறவாழி. குரல் அவனுடையது போலவே இல்லை. “தண்ணி கேட்டா. கொண்டாரதுக்குள்ள வீடே இல்ல. என் மடியிலதான் உசிரு போச்சு.”

சிரிப்பு அடங்கியது. பட்டாளத்துக்காரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணி கடைசியா என்ன சொன்னாங்கண்ணே?”

கூட்டம் நெருங்கி வந்தது. ஒருவன்கூட இப்போது சுவரைப் பார்க்கவில்லை.